நாலு தட்டு மௌனம்

ஒரு பியானோவின் முன்னால் இரண்டு பேரை உட்கார வைக்கலாம் என்று முதலில் யோசித்த ஆளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் யோசனையோடு நிறுத்தியிருப்பார்.

நாற்காலி இரண்டு, கைகள் நாலு, பியானோ ஒன்று. வலப்பக்கம், மேல் சுரங்களில், என் அக்கா ரோஸ்வித்தா. இடப்பக்கம், கீழ்ச் சுரங்களில், பென்னோ என்கிற நான். மெட்டு பெரும்பாலும் அவளுக்கு. அந்த மெட்டு நடந்துபோகத் தரை போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் முன்னால் விரித்திருக்கும் இசைப் புத்தகத்தில்கூட இடது பக்கம் என் பங்கு மட்டும், வலது பக்கம் அவள் பங்கு மட்டும்தான் அச்சாகியிருக்கும். அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்பதைக் காதால் தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது முழங்கையால். பெடலை மட்டும் பங்கு போட முடியாது. எங்கள் தொழிலில் அது கீழே வாசிப்பவரின் காலுக்கு என்பது வழக்கம். ஆகவே அக்கா எழுப்பும் சுரம் எப்போது அடங்க வேண்டும் என்பதை முப்பது வருஷமாக என் வலது ஷூதான் தீர்மானித்து வருகிறது. அவள் வேறு எதை மன்னித்தாலும் இதை மன்னித்ததில்லை.

வியன்னாவில் எங்கள் குடும்பப் பெயரை வைத்து எங்களை ‘நவ்ராட்டில் இரட்டையர்’ என்பார்கள். இரட்டைப் பிறவிகள் அல்ல. அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள், நாற்பது வயது மூத்தவள் மாதிரி நடந்துகொள்வாள். ஒரு முறை ஒரு பத்திரிகைக்காரர், “அக்கா பாய்மரம், தம்பி நங்கூரம்” என்று எழுதினார். அது எனக்குப் பாராட்டா வசவா என்று நான் அக்காவிடம் கேட்டதே இல்லை. பதில் தெரியும்.

எங்கள் சண்டைக்கு ஒரு முகவரி உண்டு. சுமார் இருநூறு வருஷத்துக்கு முன் இதே வியன்னாவில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஷூபர்ட் தன் கடைசி வருஷத்தில் நாலு கைக்கென்று எழுதிய ஒரு நீண்ட படைப்பு. அதில் எல்லாம் முட்டி மோதி, ஒன்றையொன்று துரத்தி, உச்சத்துக்குப் போய், சட்டென்று நிற்கும். அதன்பின் மௌனம். தாளக் கணக்கில் நாலு தட்டு. பிறகு கீழே நான் ஆற்றுத் தண்ணீர் மாதிரி சலசலவென்று தொடங்க வேண்டும், இன்னும் நாலு தட்டு கழித்து அதன்மேல் அக்கா, எல்லாவற்றுக்கும் முதலில் வந்த அந்த மெட்டை மறுபடி எடுப்பாள். கேட்பவர்கள் கைக்குட்டையைத் தேடும் இடம். நாங்கள் ஒருவரையொருவர் கழுத்தை நெரிக்கத் தேடும் இடமும் அதுதான்.

அந்த மௌனத்தை உடைப்பவன் நான். நாலு என்று எழுதியிருக்கிறது, நான் நாலு எண்ணுவேன், தொடங்குவேன். அக்காவுக்கு அது போதாது. ஆறு வேண்டும். சில நாள் ஏழு. மழை பெய்தால் எட்டு.

இது எல்லாக் குடும்பத்திலும் இருக்கும் சண்டைதான், நாங்கள் டிக்கெட் விற்று நடத்துகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை காலை வரை.

வியன்னாவின் யோசெஃப்ஷ்டாட் பேட்டையில் ஒரு சின்ன அரங்கம். பதினொரு மணிக் கச்சேரி. அந்த அரங்கத்துச் சந்தாதாரர்களுக்கு வாசித்தால் மட்டும் போதாது, வாசிப்பதற்கு முன் பேசவும் வேண்டும். அன்றைய பேச்சுக்குத் தலைப்பு: ‘எழுதியவர் பெரியவரா, வாசிப்பவர் பெரியவரா?’ பேச்சை நடத்த ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர் ஸ்ட்ரோபல். வில் டை கட்டியவர். பிறர் சண்டையை இவ்வளவு ஆசையாகப் பார்க்கும் மனிதரை நான் கண்டதில்லை.

ஒப்பனை அறையில் அக்கா கண்ணாடியைப் பார்த்துக் காதணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஜூலைல நான் இல்ல.”

“எங்க போற?”

“ஸ்லோவேனியா. ஏரிக்கரை விழா. அஞ்சு கச்சேரி. யெர்னெய்கூட.”

யெர்னெயை எனக்குத் தெரியும். லுப்லியானாக்காரன். முப்பத்து நாலு வயது. அழகாக வாசிப்பான், அழகாக வணங்குவான். என்னிடமே ஒருமுறை, “உங்கள் கீழ்ச் சுரங்களில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன் ஐயா” என்றான். அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“யாரு கீழ?”

“அவன்தான் கீழ. நான் எப்பவும் போல மேல.”

“ஜூலைக்கு அப்புறம்?”

அக்கா இரண்டாவது காதணியை எடுத்தாள். “அப்புறம் பாக்கலாம்.”

எங்கள் வீட்டில் ‘அப்புறம் பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவிடம் நாங்கள் கேட்ட நாய்க்குட்டிக்கும் அதே பதில்தான் வந்தது. நாய்க்குட்டி இன்னும் வரவில்லை.

“என்னத்துக்கு?” என்றேன்.

“அவன் காது குடுத்துக் கேக்குறான்டா. நான் மூச்சு இழுத்தா அவன் நிக்குறான். நீ எண்ணுற.”

“எண்ணாம என்ன பண்றது? எழுதியிருக்கு.”

“முப்பது வருஷமா அதையேதான் சொல்ற.”

“முப்பது வருஷமா அதேதான் எழுதியிருக்கு.”

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை. மேலே வாசிப்பவளுக்கு எந்த ஊரிலும் துணை கிடைக்கும். கீழே வாசிப்பவனைத் தனியாக யார் கூப்பிடுவார்கள்? வெறும் தரையைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? அக்கா போனால் நான் ஐம்பத்தேழு வயதில் ஒரு நங்கூரம், கப்பல் கிடையாது. பயம் வந்தால் எனக்கு அது பயமாக வருவதில்லை. கோபமாகத்தான் வரும்.

கதவைத் தட்டிவிட்டு ஸ்ட்ரோபல் தலையை நீட்டினார். “ரெடியா? கொஞ்சம் காரசாரமா இருந்தா ஜனங்களுக்குப் பிடிக்கும்.”

“கவலைப்படாதீங்க புரொபசர்” என்றாள் அக்கா.

மேடையில் மூன்று நாற்காலி. பின்னால் மூடி திறந்த கருப்புப் பியானோ. முன்னால் இருநூறு பேர், பாதிப் பேர் வாயில் இருமல் மிட்டாய். மூன்றாம் வரிசையில் யெர்னெய், நீலச் சால்வையோடு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

ஸ்ட்ரோபல் என்னிடம் ஆரம்பித்தார். நான் அந்த நாலு தட்டையே எடுத்துக்கொண்டேன்.

“ஷூபர்ட்டுக்கு நிறுத்தக்குறி போடத் தெரியாதா என்ன? சுரத்துமேல ஒரு புருவமும் அதுக்குக் கீழ ஒரு புள்ளியும் வரைஞ்சா ‘இஷ்டம்போல நில்லு’ன்னு அர்த்தம். வேற இடத்துல வரைஞ்சிருக்கார். இங்க வரையல. நாலு தட்டு மௌனம் மட்டும் எழுதியிருக்கார். பேனாவுல மை தீர்ந்துபோச்சா?”

சபை சிரித்தது. அக்கா சபை அடங்கும்வரை பொறுத்தாள். எந்த மௌனத்துக்கும் அவளுக்குப் பொறுமை உண்டு.

“அவர் எழுதினது எந்தப் பியானோவுக்கு? மரச்சட்டம் போட்ட சின்னப் பெட்டி. கையை எடுத்தா சத்தம் செத்துப்போகும். கேட்டவங்க ஒரு பன்னண்டு சிநேகிதங்க. இது இரும்புச்சட்டம். இந்த ஹால்ல ஒரு சத்தம் போட்டா சுவரெல்லாம் தொட்டுட்டுத் திரும்பி வர்றதுக்கே நாலு தட்டு ஆகும். என் தம்பி நாலு எண்ணி முடிக்கறப்ப மௌனம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அவர் எழுதினது மௌனம். இவன் வாசிக்கறது நாலு.”

கைதட்டினார்கள். என்னை நோக்கி யாரும் கைதட்டியிருக்கவில்லை. நான் சொன்னதற்குச் சிரித்தார்கள், அவள் சொன்னதற்குத் தட்டினார்கள். இந்த வித்தியாசம் ஒரு கோமாளிக்குத்தான் உறைக்கும்.

“இன்னிக்கு மௌனத்தை நீட்டுவ” என்றேன். “நாளைக்கு மெட்டுல நாலு கொசுறு சுரம் சேர்ப்ப. ‘அவர் எழுதினது சுரமில்ல, சோகம்’னு சொல்லுவ. அப்புறம் அட்டைல உன் பேரைப் போட்டுக்க வேண்டியதுதானே?”

“சமையல் குறிப்பைத் தட்டுல வச்சு யாருக்காவது பரிமாற முடியுமாடா? உப்பு எவ்வளவுன்னு நாக்குதான் சொல்லணும்.”

“ஒரு சிட்டிகைன்னு எழுதியிருக்கறப்ப ஒரு கை அள்ளிப் போட்டா அது நாக்கு இல்ல, திமிரு.”

“நாக்கை வீட்டுல விட்டுட்டு வந்தவன் திமிரைப் பத்திப் பேசறான். இவன் வாசிக்கறவன் இல்ல, புரொபசர். போக்குவரத்து போலீஸ். கையைக் காட்டினா வண்டி நிக்கணும், காட்டினா போகணும்.”

“நீ வானிலை அறிக்கை. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ரெண்டும் தப்பு.”

முதல் வரிசையில் ஒரு அம்மாள் கை தூக்கினார். “நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?”

“இல்லைங்க” என்றேன். “விவாகரத்துக்கு வழியில்லாத உறவு.”

அரங்கம் அதிர்ந்தது. அக்கா மட்டும் அதிரவில்லை. அவள் என் பக்கம் திரும்பாமல், சபையைப் பார்த்து, மெதுவான குரலில் சொன்னாள்: “இந்த ஆளோட காலுக்கடியில முப்பது வருஷம் வாசிச்சிருக்கேன். என் சத்தம் ஒவ்வொண்ணும் இவன் அனுமதிச்ச அளவுக்குத்தான் இருந்துது. அது எழுதினவருக்கு மரியாதைன்னு இவன் நினைக்கறான். அது பயம். தப்பாயிடுமோன்னு பயம். எண்ணிட்டா யாரும் குறை சொல்ல முடியாது பாருங்க.”

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். எனக்கு எப்போதும் ஒன்று அகப்படும், அன்று அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று.

“அதனாலதான் ஜூலைல வேற கால் தேடிக்கிட்டா” என்றேன் சபையிடம். “மூணாவது வரிசைல இருக்கு. நீலச் சால்வை. எழுந்திருங்க தம்பி, ஜனங்க உங்க காலைப் பாக்கட்டும்.”

இருநூறு தலைகள் திரும்பின. யெர்னெய் பாதி எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் அழகாக வணங்கினான். அக்காவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஸ்ட்ரோபல், “சரி, இனி இசை பேசட்டும்” என்று கையைத் தேய்த்தார். பண்டிகைக்குப் புதுத்துணி கிடைத்த குழந்தை முகம்.

பியானோவிடம் நடக்கும்போது அவள் உதடு அசையாமல் சொன்னாள்: “நாய்.”

நானும் உதடு அசையாமல் சொன்னேன்: “உனக்கு வேணும்.”

உட்கார்ந்தோம். தொடங்கினோம்.

கோபத்தில் வாசிப்பது எங்களுக்குப் புதிதல்ல. பாதிக் கச்சேரிகள் அப்படித்தான். ஆனால் அன்று ஒரு பக்கம் புரட்டுவதற்குள் எனக்கு ஏதோ கோணலாகப் பட்டது. அக்கா நேராக வாசித்தாள். வழக்கமாக ஒரு வளைவில் கொஞ்சம் தயங்குவாள், ஒரு உச்சியில் கொஞ்சம் தொங்குவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பிடித்து நிற்பேன். அன்று தயக்கமும் இல்லை, தொங்கலும் இல்லை. எழுதியது எழுதியபடி. வலுத்துச் செய் என்ற இடத்தில் வலுத்து, தணி என்ற இடத்தில் தணிந்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவள் மாதிரி. ‘இதுதானே வேணும் உனக்கு, இந்தா’ என்று ஒவ்வொரு சுரமும் என் முகத்தில் வந்து விழுந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் வளைந்தேன். அவள் நிமிர்ந்து நிமிர்ந்து போக, கீழே நான் குழைந்தேன், இழுத்தேன், பெடலை நீர்க்கோழி மாதிரி முக்கி முக்கி எடுத்தேன். சுதந்திரம் கேட்டாய் அல்லவா? மூட்டை மூட்டையாக எடுத்துக்கொள். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இருவரும் இடம் மாறி உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். ஐம்பது தாண்டிய இரண்டு பேர், இருநூறு சந்தாதாரர்கள் முன்னால், ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு பழிப்புக் காட்டினோம்.

அந்த உச்சம் வந்தது. முட்டி, மோதி, சட்டென்று நின்றது. நான் காலை எடுத்தேன்.

மௌனம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இப்போது நான் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. இன்றைக்கு உன் இஷ்டம், அக்கா. நீ மூச்சு இழு. நீ கண் காட்டு. நூறு தட்டு ஆனாலும் நான் நிற்கிறேன். எத்தனை வேண்டும் என்று நீயே இந்த ஜனங்கள் முன்னால் முடிவு செய். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகமும் இருந்தது.

ஐந்து. ஆறு. அவள் மூச்சு இழுக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

எண்ணிக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் எதையும் எண்ணாத பெண், என்னைத் தண்டிப்பதற்காக எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு மௌனம், நாலு தம்பியின் சலசலப்பு, எட்டு முடிந்தால் நான். எழுதியது எழுதியபடி. கீழே தம்பி இருக்கிறானா இல்லையா என்பது எழுதியதில் இல்லை.

எட்டு முடிந்தது. அவள் மெட்டை எடுத்தாள்.

கீழே ஒன்றுமே இல்லை.

அந்த மெட்டு முக்கால்வாசி ஒரே சுரத்தில் நின்று தட்டுவது. கீழே தண்ணீர் ஓடினால்தான் அது படகு. தண்ணீர் இல்லாமல், யாரோ ஒருத்தி பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. தட்டினாள். நின்றாள். மறுபடி தட்டினாள். அவளால் நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. அப்போது அவள் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. இரண்டாம் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. சின்ன வயதில் பிராட்டர் பூங்காவில் குடை ராட்டினத்திலிருந்து சறுக்கியபோது, கீழே விழுவதற்கு முன் ஒரு கணம், இதே சத்தம் போட்டாள். அன்றும் பக்கத்து இருக்கையில் நான்தான்.

என் கை பியானோக் கட்டையைத் தேடியது. எங்கே சேர்வது என்று தெரியவில்லை. என் பக்கத்தில் அச்சிட்டிருப்பது என் பங்கு மட்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்று அதில் இல்லை. அவள் இரண்டாம் முறை தட்டி நின்றபோது ஒருவழியாக, திருடன் ஜன்னல் ஏறுகிற மாதிரி, உள்ளே போனேன். அவள் முழங்கை என் விலாவில் ஒரு முறை இடித்தது. அன்பா அடியா என்று சொல்ல முடியாது. அதன் பிறகு முடிவு வரை எப்படிப் போனோம் என்று எனக்கு நினைவில்லை. சேர்ந்து போனோம் என்று மட்டும் தெரியும்.

கைதட்டல் நிற்கவே இல்லை. எழுந்து நின்று தட்டினார்கள். முதல் வரிசை அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு உணவகத்தில் வாசித்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது அந்த அரங்கத்தின் பழக்கம். நாலு பேருக்கு மேசை. வேகவைத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு வறுவல், மூக்கில் ஏறும் ஆப்பிள் துவையல். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஸ்ட்ரோபல் நாப்கினைக் கழுத்தில் செருகினார். “என்ன ஒரு துணிச்சல். தம்பி மௌனமாகிவிட்டார், அக்கா தனியே. அரை மணி நேரம் நீங்கள் வாதாடியதற்கு இசையிலேயே தீர்ப்பு. ஐம்பது வருஷமாக இதைக் கேட்கிறேன், இப்படி யாரும் செய்ததில்லை.”

“யாரும் செய்யாததுக்குக் காரணம் இருக்கும்” என்றேன்.

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றான் யெர்னெய். மேடையில் நான் செய்த அவமானத்தை அவன் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அவனை வெறுப்பது எவ்வளவு கடினம் என்பதுதான் எனக்கு அவன்மேல் இருந்த பெரிய கோபம். “ரோஸ்வித்தா மேடம், அந்த இடத்துல எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. ஜூலைல நாமளும் அப்படியே பண்ணலாம். நான் உள்ள வரவே மாட்டேன். மெட்டு பாதி முடியற வரைக்கும் உங்களுக்கே விட்டுடறேன்.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “எதுக்காக?”

“எதுக்காகன்னா?”

“நீங்க எதுக்காக உள்ள வரமாட்டீங்க?”

“அது ஒரு சுதந்திரம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு திறந்தவெளி. அவ்வளவு அமைதி அதுல.”

“அமைதி” என்றாள் அக்கா.

“ஆமா. நான் கேட்டேனே.”

“என்ன கேட்டீங்க?”

“நம்பிக்கை” என்றான் அந்தப் பிள்ளை, நெஞ்சில் கை வைத்து.

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “தம்பி, அது விபத்து.”

அவன் சிரித்தான். தன்னடக்கம் என்று நினைத்தான். “பெரியவங்க எப்பவும் அப்படித்தான் சொல்வீங்க. அதுல ஒரு திட்டம் இருந்துது. என் காதுக்குத் தெரிஞ்சுது.”

“உங்க காதுக்கு ஒண்ணும் தெரியல” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை, பக்கத்து மேசையில் மட்டும் பேச்சு நின்றது. “நான் பயந்து செத்துட்டேன் அங்க. கீழ ஆள் இல்ல. இவன் என்மேல கோபத்துல கையைக் கட்டிக்கிட்டு உட்காந்துட்டான். நான் இவன்மேல கோபத்துல கண்ணை மூடிக்கிட்டுப் போனேன். எங்க ரெண்டு பேர் திமிர் அது. ஷூபர்ட் அங்க இல்லவே இல்ல.”

ஸ்ட்ரோபல் கத்தியை ஆட்டினார். “இருக்கட்டும், விளைவு முக்கியம். ஜனங்கள் அழுதார்கள்.”

“டிராம் மோதினாலும் அழுவாங்க புரொபசர்” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அந்த இடத்துல நான் வாசிக்கணும். எழுதியிருக்கு. நான் வாசிக்கல. நான் ஒரு கழுதை. அதுக்கு நீங்க பேர் வைக்கறீங்க. ஐம்பது வருஷமா கேக்கறவர், கீழ்ப்பாதி காணாமப்போனது தப்புன்னுகூடத் தெரியாம தீர்ப்புங்கறீங்க.”

“ஒரு மணி நேரம் முன்னால நீங்கதான் விதியைப் பற்றி...”

“அவன் விதியைப் பத்திப் பேசல” என்று அக்கா இடைமறித்தாள். “நானும் இஷ்டம்போல பண்றதைப் பத்திப் பேசல. அந்த இடத்தை என்ன பண்றதுன்னு முப்பது வருஷமா அடிச்சுக்கறோம். நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணினாலும் நல்லாயிருக்குங்கறீங்க. உங்களோட எப்படிச் சண்டை போடறது?”

கோட்டை எடுத்துக்கொண்டாள். கதவு நோக்கிப் போனாள். அவள் தட்டில் இறைச்சி தொடாமல் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்தேன் என்பதை, என்னை அறிந்தவர்கள், தியாகம் என்றே சொல்வார்கள்.

டிராம் நிறுத்தத்தில் பிடித்தேன். அவள் கைபேசியில் யெர்னெயிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் உணவகத்துக்குள்தான் இருந்திருப்பான். “இல்ல தம்பி. கோபமெல்லாம் இல்ல. ஜூலைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க. நல்லா வாசிக்கறீங்க. ரொம்ப நல்லா வாசிக்கறீங்க. இல்ல, அது இல்ல காரணம். வச்சுடறேன்.”

கைபேசியைப் பையில் போட்டுவிட்டு என்மேல் திரும்பினாள்.

“திருப்தியா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்ல வேணாம். எனக்குக் கிடைச்ச ஒரே வழி அது. ஒரு கோடைகாலம், ஒரு ஏரி, நான் மூச்சு விட்டா நிக்கற ஒரு பையன். உன்னால போச்சு.”

“நான் போகச் சொல்றேன் அக்கா” என்றேன். ஆச்சரியம், அதை நான் உண்மையாகவே சொன்னேன். “அவன் நல்ல பையன். என்னைவிட நல்லா பெடல் போடுவான். போ.”

“போய்? அவன்கூட வாசிக்கறப்ப நான் தப்பு பண்ணினா யாருக்குடா தெரியும்?”

அவள் மூக்கைச் சிந்தினாள். துவையலின் காரம் என்று எனக்குச் சொல்வதற்காக அதைக் கொஞ்சம் பலமாகவே சிந்தினாள். அவள் துவையலைத் தொட்டிருக்கவே இல்லை.

“மேடைல அந்தப் பையனை எழுந்திருக்க வச்ச பாரு. அதை நான் மன்னிக்க மாட்டேன்.”

“வேண்டாம்.”

“கேட்டாலும் மாட்டேன்.”

“கேக்கல.”

“கேளுடா.”

கேட்டேன். அவள் மன்னிக்கவில்லை. இரண்டாம் எண் டிராம் வந்தது. ஏறி ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், வழக்கத்துக்கு மாறாக அவள் என் இடது பக்கம். அது இருவருக்கும் பிடிக்காமல் எழுந்து மாறி உட்கார்ந்தோம்.

“அது நல்லாத்தான் இருந்துது” என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “அந்தத் தனி மெட்டு. அதான் எனக்கு ஆத்திரம்.”

“நல்லா இருந்துது. ஆனா தப்பு.”

“தப்புதான்.”

ஒரு நிறுத்தம் வரை அந்தச் சமாதானம் நீடித்தது.

“நாலு பத்தாது” என்றாள்.

“அக்கா.”

“இன்னிக்கு நீ நின்னல்ல? அஞ்சாவது தட்டுலதான் சத்தம் சுவத்தை விட்டு இறங்குச்சு. நீயே கேட்டிருப்ப. கேக்கலன்னு சொல்லு பாப்போம்.”

கேட்டிருந்தேன். ஐந்தின் முடிவில், கடைசியாக அந்த இரும்பும் சுவரும் அடங்கி, ஒரு கணம் உண்மையிலேயே ஒன்றுமில்லாமல் இருந்தது. அதை ஒத்துக்கொள்வதற்குள் நான் முதியோர் இல்லம் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

“அந்த ஹால்ல அஞ்சு” என்றேன். “அந்த ஹால்ல மட்டும். எழுதினதை மாத்தல. சுவரைக் கணக்குல எடுத்துக்கறோம்.”

“ஆறு.”

“நீ இப்பத்தானே அஞ்சுன்னு சொன்ன?”

“அஞ்சுல இறங்குது. இறங்கினதுக்கு அப்புறம் மௌனம்னு ஒண்ணு இருக்க வேணாமா? இறங்கினவுடனே நீ புகுந்துட்டா எப்படி? வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள சோத்தைப் போடுன்னு கேக்கற ஆளுடா நீ.”

“ஆறு போட்டா அடுத்த வாரம் ஏழும்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?”

“என்ன தெரியும் உனக்கு? என் பக்கத்தை ஒரு நாளாவது படிச்சிருக்கியா நீ?”

“என் பக்கத்தை நீ படிச்சியா? படிச்சிருந்தா இன்னிக்கு எட்டுல அப்படிக் குதிச்சிருப்பியா?”

“நீ ஏன் வரல?”

“நீ ஏன் வந்த?”

எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பைகளை எடுத்துக்கொண்டு, டிராமின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் இறங்க வேண்டிய ஓட்டாக்ரிங் வருவதற்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. அக்கா கையுறையைக் கழற்றினாள், முன் இருக்கையின் முதுகில் விரலால் தட்டத் தொடங்கினாள், என்னையும் தட்டச் சொன்னாள்.